மூன்று நொடிக்கு மேல் ஓடாத புதுக் கணினி

வணக்கம். ஞாயிறு முழுவதும் உட்கார்ந்து நானே ஒரு கணினியைப் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டினேன். பொத்தானை அழுத்தினால் விசிறிகள் சுற்றுகின்றன. மூன்று நொடியில் 'டக்' என்ற சத்தத்தோடு எல்லாம் அணைந்துவிடுகிறது. பிறகு தானாகவே எழுகிறது, மறுபடி சாய்கிறது. திரையில் ஓர் எழுத்துகூட இல்லை.

ரைசன் 5 5600ஜி பிராசசர், பி550 மதர்போர்டு, 8 ஜிபி ராம் இரண்டு, 550 வாட் பவர் சப்ளை. தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது.

மதர்போர்டுக்கும் பிராசசருக்கும் மின்சாரம் தரும் 24 பின், 8 பின் இணைப்புகளைக் கழற்றி மாட்டினேன். ஒரு ராமை மட்டும் வைத்து இடம் மாற்றிப் பார்த்தேன். மதர்போர்டில் உள்ள வட்ட பேட்டரியைப் பத்து நிமிடம் கழற்றி வைத்தேன். பிராசசர் மேல் உள்ள கூலரின் அடியில் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறந்தேனோ என்று அதையும் பிரித்தேன். மறக்கவில்லை, இடையில் தடவிய வெப்பம் கடத்தும் பசை வீணானதுதான் மிச்சம். கேபினெட் பொத்தான் அழுந்தியபடியே சிக்கியிருந்தாலும் இப்படி அணையும் என்பதால், அதன் ஒயரை எடுத்துவிட்டு மதர்போர்டில் அது செருகியிருந்த இரண்டு பின்களையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் தொட்டுப் பார்த்தேன். அதே கதை.

போர்டை வெளியே எடுத்து அட்டைப்பெட்டி மேல் வைத்தபோது ஒரே ஒரு முறை நாற்பது நொடி ஓடியது. அதுதான் குழப்புகிறது. கேபினெட்டில் ஷார்ட் என்றால் வெளியே நிற்காமல் ஓட வேண்டுமே?

பவர் சப்ளையைத் தனியாக இயக்கினால் அதன் விசிறி சுற்றுகிறது. சுமையில்லாமல் சுற்றுவதை நம்ப முடியாது என்பது தெரியும். மாற்றிப் பார்க்க வேறொன்று கைவசம் இல்லை. எது பழுது என்று சொன்னால்தான் மாற்றித் தருவேன் என்கிறார் கடைக்காரர். அது தெரிந்தால் நான் ஏன் அவரிடம் போகிறேன்!

மல்டிமீட்டர் இருக்கிறது. 12 வோல்ட்டை எந்த முனையில் அளப்பது? பயாஸ் (கணினியைத் தொடக்கத்தில் எழுப்பும் மதர்போர்டு மென்பொருள்) பழையதாக இருந்தாலும் இப்படி அணையுமா?