ஒரே போர்ட்டில் மூணு பைத்தான் ஆப்: லாகின் அமுக்கினா 404

கடைக்கணக்கு, தாராவி:
வணக்கம். 90 அடி ரோட்டுல மாமாவோட லெதர் பேக் பட்டறை. உபுண்டு கம்ப்யூட்டர் ஒண்ணுல பில்லிங், ஸ்டாக் ரெண்டு ஆப்பும் ஃபிளாஸ்க், ஆள் வருகை ஆப் மட்டும் ஜாங்கோ (ரெண்டும் பைத்தான்ல வெப் ஆப் எழுதுற கருவி). எல்லாம் குனிகார்ன்ல (பைத்தான் ஆப்பை ஓட்டுற சர்வர்) 8001, 8002, 8003 போர்ட்ல ஓடுது. பட்டறையில ஒவ்வொருத்தருக்கும் போர்ட் நம்பர் சொல்லி மாளலை, அதனால என்ஜினெக்ஸ் (வர்ற கோரிக்கையை அந்தந்த ஆப்புக்கு அனுப்புற வெப் சர்வர்) போட்டு 80-லயே /பில், /ஸ்டாக், /வருகை-னு பிரிச்சேன். /ஸ்டாக்/ முதல் பக்கம் வருது, சிஎஸ்எஸ் (பக்க அலங்காரம்) இல்லாம மொட்டையா. லாகின் அமுக்கினா முகவரி வெறும் /லாகின்-னு மாறி 404 (பக்கம் இல்லை). என்ஜினெக்ஸ்ல ஆப்போட முகவரி சொல்ற பிராக்ஸி பாஸ் வரி கடைசியில இருக்கிற சாய்கோட்டை எடுத்தா முதல் பக்கமே 404.

குர்லா லோக்கல்:
சாய்கோடு இருக்கட்டும் தம்பி. அது /ஸ்டாக்-ஐ வெட்டிட்டுத்தான் உள்ள அனுப்பும். வெட்டினது ஆப்புக்குத் தெரியாது, அதான் லிங்க்கை வேர்ல இருந்து போடுது. என்ஜினெக்ஸ்ல எக்ஸ்-ஃபார்வர்டட்-பிரிஃபிக்ஸ் ஹெடர்ல (கோரிக்கையோட போற குறிப்பு) /ஸ்டாக்-னு அனுப்பு. ஃபிளாஸ்க் ஆப்பைச் சுத்தி பிராக்ஸிஃபிக்ஸ் (அந்த ஹெடரைப் படிக்கிற உறை) போட்டு எக்ஸ்_பிரிஃபிக்ஸ்=1 கொடு; சொல்லாட்டி அது சைபர்தான், ஹெடரைக் கண்டுக்காது. ஜாங்கோவுக்கு செட்டிங்ஸ்ல ஃபோர்ஸ்_ஸ்கிரிப்ட்_நேம்-ஐ /வருகை-னு வை. டெம்ப்ளேட்ல யாராவது /ஸ்டாட்டிக்-னு கையால எழுதியிருந்தா யூஆர்எல்_ஃபார் (லிங்க்கைத் தானே கட்டுற ஃபங்ஷன்) ஆக்கிடு, அதை எந்த ஹெடரும் காப்பாத்தாது.

சயான் கோலிவாடா:
இதுக்கு என்ஜினெக்ஸ் எதுக்கு? வெர்க்ஸாய்க்ல (ஃபிளாஸ்க்குக்கு அடியில இருக்கிற லைப்ரரி) டிஸ்பேச்சர்மிடில்வேர் இருக்கே. மூணையும் ஒரே ப்ராசஸ்ல மாட்டலாம், ஸ்கிரிப்ட்_நேமை (லிங்க் முன்னால ஒட்டுற பாதை) அதுவே பார்த்துக்கும்.

குர்லா லோக்கல்:
மாட்டலாம்தான். ஆனா ஒண்ணை ரீஸ்டார்ட் பண்ணா மூணும் விழும். லைப்ரரி வெர்ஷனும் ஒண்ணாத்தான் இருக்கணும்.

கடைக்கணக்கு:
பில்லிங் பழைய ஃபிளாஸ்க் 1.1, ஸ்டாக் புதுசு. அது ஒத்துவராது அண்ணே. நீங்க சொன்னபடி செஞ்சேன், லிங்க் எல்லாம் சரி. ஆனா பில்லிங்ல லாகின் பண்ணா ஸ்டாக் வெளிய தள்ளுது, ஸ்டாக்ல நுழைஞ்சா பில்லிங் போயிடுது!

சயான் கோலிவாடா:
குக்கிதான் (ஆப் பிரௌசர்ல வைக்கிற சின்னக் குறிப்பு) காரணம். ஃபிளாஸ்க்ல ரெண்டுக்குமே இயல்பா பேரு 'செஷன்', பாதை '/'. ஒண்ணு மேல ஒண்ணு எழுதுது. சீக்ரெட் கீ (குக்கியில கையெழுத்து போடுற ரகசியச் சாவி) வேறயா இருக்கிறதால கையெழுத்து பொருந்தாம காலி செஷன்னு எடுத்துக்குது. கீ ஒண்ணா இருந்தா இதைவிட மோசம், ஒரு ஆப்போட செஷனை இன்னொரு ஆப் படிச்சிருக்கும். செஷன்_குக்கி_நேம் ரெண்டுலயும் வேற வேற வை. முன்னாடி 8001, 8002-ன்னு இருந்தப்பவும் இது வந்திருக்கணுமே? குக்கிக்கு போர்ட் கணக்கே கிடையாது, ஹோஸ்ட் பேருதான்.

கடைக்கணக்கு:
அப்ப பில் ஒருத்தர், ஸ்டாக் ஒருத்தர், தனித்தனி கம்ப்யூட்டர். இப்ப மாமா ஒரே பிரௌசர்ல ரெண்டும் திறக்கிறார். பேரு மாத்தினேன், நின்னுடுச்சு. வருகைப் பக்கம் மட்டும் இன்னும் மொட்டை.

குர்லா லோக்கல்:
டீபக் (பிழை தேடுற மோட்) ஃபால்ஸா? அப்ப ஜாங்கோ ஸ்டாட்டிக் (சிஎஸ்எஸ், படம் மாதிரி ஃபைல்) கொடுக்காது, குனிகார்னும் கொடுக்காது. அதையெல்லாம் ஒரே ஃபோல்டர்ல சேர்க்கிற கலெக்ட்ஸ்டாட்டிக் ஓட்டி, அந்த ஃபோல்டரை என்ஜினெக்ஸ்ல அலையஸ் போட்டுக் காட்டு. ஃபோல்டரைப் படிக்க என்ஜினெக்ஸ் யூசருக்கு அனுமதி இருக்கான்னு பாரு, இல்லாட்டி 403 (அனுமதி மறுப்பு) வரும்.