புதுப்பிப்பு: மூளையைப் பற்றிப் படிக்க ஆசைப்பட்ட தங்கை

பிளஸ் டூ படிக்கும் தங்கைக்கு மூளை, நடத்தை பற்றிப் படிக்க ஆசை, இளநிலையில் எங்கே சேர்க்கலாம் என்று போன வருடம் கேட்டிருந்தேன். மருத்துவம் என்றார்கள் சிலர், உளவியல் என்றார்கள் சிலர்.

அவள் ஐஏடி என்ற நுழைவுத்தேர்வு எழுதி, ஐசர் (இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம்) ஒன்றில், இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த ஐந்தாண்டு பிஎஸ்-எம்எஸ் படிப்பில் சேர்ந்துவிட்டாள். ஆரம்பத்தில் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கும் எல்லாருக்கும் பொது. மூளையைப் படிக்க எதற்கு இவ்வளவு கணக்கு என்று அம்மாவுக்கு இன்னும் கவலை.

அந்தக் கேள்விக்கு விடை, நரம்பில் மின்சைகை எப்படி உண்டாகிறது என்று ஆராய்ந்த ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரு விஞ்ஞானிகளின் வேலையில் இருக்கிறது. ஊசிக்கணவாயின் தடித்த நரம்பிழையில் மின்னழுத்தத்தை மாறாமல் பிடித்து வைத்து, சோடியம் உள்ளே பாய்வதையும் பொட்டாசியம் வெளியேறுவதையும் பிரித்து அளந்தார்கள். 1952இல் அதை, ஒன்று எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று சொல்லும் வகைக்கெழுச் சமன்பாடுகளாக எழுதினார்கள். அயனிகள் போகும் வாசல்களை யாரும் கண்ணால் பார்த்திராத காலம் அது! அவற்றின் இயல்பைக் கணக்கு முன்கூட்டியே காட்டிவிட்டது. 1963இல் நோபல் பரிசு. தங்கை இதை விளக்கியபோது எனக்கே திரும்பப் படிக்கப் போகலாமா என்றிருந்தது.

உளவியலைச் சொன்னவர்களுக்கும் நன்றி. நினைவாற்றல் பற்றிய பாடம் அவளுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மனம் எப்படி அறிகிறது, நினைக்கிறது என்று படிக்கும் அறிதல் அறிவியலில் (காக்னிட்டிவ் சயின்ஸ்) முதுநிலை தேடுபவர்கள் காந்திநகர் ஐஐடியைப் பாருங்கள்.

தனிச்செய்தியில் கேட்டவர்களுக்கு: பிளஸ் டூவில் கணிதம் எடுக்காதவர்களும் ஐஏடி எழுதலாம். ஆனால் தேர்வில் கணிதக் கேள்விகள் உண்டு, இப்போதே தொடங்கிவிடுங்கள்.