புதுப்பிப்பு: ஐஆர்க்யூ 16 முடக்கப்படும் சிக்கல் தீர்ந்தது

சிறிது நேரம் பாடல் ஓடியதும் ஒலி நின்றுவிடுகிறது, யூஎஸ்பி மவுஸும் தயங்கித் தயங்கி நகர்கிறது, லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் பதிவில் "ஐஆர்க்யூ 16: நோபடி கேர்டு" (16-ஆம் தடத்தை யாரும் கவனிக்கவில்லை) என்ற செய்தி வருகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். காரணம் இப்போது தெளிவாகிவிட்டது.

செயலியின் கவனத்தைக் கேட்டுச் சாதனங்கள் அனுப்பும் சைகைகளே குறுக்கீடுகள்; அவை வரும் தடமே ஐஆர்க்யூ, அதைப் பல சாதனங்கள் பகிரலாம். ஒரு தடத்தில் வரும் 1,00,000 குறுக்கீடுகளில் 99,900-க்கும் மேற்பட்டவற்றை எந்த டிரைவரும் தனது என்று ஏற்காவிட்டால், கெர்னல் அந்தத் தடத்தையே முடக்கிவிடும். அதைப் பகிரும் குற்றமற்ற சாதனமும் சேர்ந்தே பாதிக்கப்படும். அச்செய்தியின் கீழே, 'ஹேண்ட்லர்ஸ்' (அத்தடத்தைக் கையாளுபவை) என்ற தலைப்பில், யூஎஸ்பி கட்டுப்படுத்தியும் ஒலிச் சாதனமும் அடுத்தடுத்து இடம்பெற்றிருந்தன. ஆனால் இரண்டில் எது தொல்லை தருகிறது என்பதை அப்பட்டியல் சொல்வதில்லை.

ஆகவே ஒலி டிரைவருக்கு 'எனேபிள் எம்எஸ்ஐ' அளவுருவை 1 என்று கொடுத்து மறுதொடக்கம் செய்தேன். எம்எஸ்ஐ முறையில் சாதனம் பகிரப்பட்ட தடத்தைத் தொடாமல், நினைவக முகவரி ஒன்றில் எழுதுவதன் மூலமே குறுக்கீட்டை அனுப்புகிறது. குறுக்கீடுகளின் எண்ணிக்கையைக் காட்டும், 'ப்ராக்' அடைவிலுள்ள 'இன்டரப்ட்ஸ்' கோப்பைத் திறந்து பார்த்தபோது ஒலிச் சாதனம் தனி வரிசைக்குப் போயிருந்தது. 16-ஆம் வரிசையின் எண்ணிக்கையோ, முன்பு மளமளவென்று ஏறியதற்கு மாறாக, மவுஸை அசைக்கும்போது மட்டும் கூடியது. வெள்ளமாக வந்த குறுக்கீடுகளின் ஊற்று ஒலிச் சாதனமே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

யாரும் ஏற்காத குறுக்கீடு வந்தால் எல்லா டிரைவர்களையும் கேட்டுப் பார்க்கச் செய்யும் 'ஐஆர்க்யூபோல்' என்ற கெர்னல் விருப்பத்தைச் சிலர் பரிந்துரைத்திருந்தீர்கள், நன்றி. அது அறிகுறியை அடக்குமே தவிர மூலத்தைத் தொடாது என்பதாலும், அதற்குச் செயலியின் நேரம் வீணாகச் செலவாகும் என்பதாலும் அதை நான் வைத்துக்கொள்ளவில்லை.