நெடுங்குழல் எட்டு போர், நாலு போர் இரட்டைத் துப்பாக்கி: கையில் எடுத்துப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

உப்பங்கழி:
இங்கிலாந்தின் நார்ஃபோக் பக்கம் ஏலத்துக்கு வந்த எட்டு போர் (போர், bore: குழல் விட்டத்தின் அளவு; எண் சிறிதானால் குழல் பெரிது). பர்மிங்ஹாம் வேலை, ஜோன்ஸ் அடிநெம்பு (கீழே உள்ள நெம்பைத் திருப்பித் திறக்கும் பூட்டு), வெளி ஹேமர், 36 அங்குலக் குழல், எடை 13 பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே. பட்டியலில் "குழல் அசல் நீளம்" என்று அச்சடித்திருந்தார்கள். அந்த வரிதான் இன்னும் உறுத்துகிறது.

வாயைத் திருப்பினால் இரண்டு குழலுக்கும் நடுவே தீக்குச்சி கனத்துக்கு இடைவெளி. அதில் ஈயப்பற்று நிரப்பி, அரம் போட்டு வழித்திருந்தது. இரட்டைக்குழல் பின்னால் அகன்று, முன்னால் போகப் போக நெருங்கும். அசல் நீளத்தில் வாய் இரண்டும் தொட்டுக்கொண்டோ, மயிரிழை விலகியோ நிற்கும். முன்பக்கம் அறுத்துவிட்டால் இன்னும் நெருங்காத இடமே வாயாகிவிடுகிறது, அந்தச் சந்தை எதையாவது வைத்து அடைத்தே ஆகவேண்டும். போதாததற்கு அடித்தட்டையில் (குழலின் பின்முனை அடியில் உள்ள தட்டை) "நாட் ஃபார் பால்" முத்திரை வேறு. 1875 முதல் 1887 வரை சோக் (வாயருகே குழலைக் குறுக்குவது) வைத்த குழலுக்கு அடித்த முத்திரை அது. ஆனால் உள்விட்டம் அளக்கும் கேஜ் விட்டுப் பார்த்தால் நடுக்குழலில் என்ன விட்டமோ வாயிலும் அதே விட்டம். சோக் இருப்பது கடைசி ஓரிரண்டு அங்குலத்தில். அது அறுந்த துண்டோடு போய்விட்டது. 40 அங்குலமாகப் பிறந்த துப்பாக்கி என்பது என் கணிப்பு. "அசல்" விலைக்கே போனது.

கொல்லுலை:
உப்பங்கழி சொல்வதில் பாதிக்குத்தான் தலையாட்டுவேன். முத்திரை இருந்து சோக் இல்லையென்றால் அறுத்ததாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. ரவை (தோட்டாவின் சிறு ஈயக்குண்டுகள்) அதிகம் பரவட்டும் என்று சோக்கைக் கடைந்து எடுத்தவர்கள் ஏராளம். இடைவெளியும் சோக் இல்லாததும் சேர்ந்து வந்தால்தான் சந்தேகம் வலுக்கும். மூன்றாவதாக மேல் ரிப்பை (இரு குழலையும் இணைக்கும் பட்டை) பாருங்கள். குறிமணி புதிதாகத் துளைத்ததா, ரிப்பின் முனை நேர்வெட்டாக முடிகிறதா, வாயின் விளிம்பில் பிரவுனிங் (துருவேற்றிப் பெறும்) நிறம் மற்ற இடத்தோடு ஒத்துப்போகிறதா?

என்னை உறுத்துவது வேறு. எட்டு போர் என்று விற்ற ஒன்றில் குழல் விட்டம் 0.873 அங்குலம் காட்டியது. எட்டு போரின் கணக்கு 0.835 (ஒரு பவுண்டு ஈயத்தில் எட்டு உருண்டை), 0.873 என்பது ஏழு. "உள்ளே தேய்த்துத் தேய்த்துப் பெரிதாக்கிவிட்டார்கள்" என்று பக்கத்தில் நின்றவர் கையை விரித்துவிட்டார். தட்டையைப் பார்த்தால் ப்ரூஃப் (சோதித்துத் தேறியதற்கான) முத்திரையே 7. மெல்லிய பித்தளைத் தோட்டாவுக்காகச் செய்தது! பித்தளைச் சுவர் மெலிசு, உள்ளே இடம் அதிகம், அதனால் குழலையும் ஒரு சுற்று பெரிதாகக் கடைவார்கள். அதில் காகிதத் தோட்டா போட்டால் மருந்துக்கும் ரவைக்கும் நடுவே உள்ள அடைப்பான் தளர்ந்து, புகை முந்திக்கொண்டு போய் ரவையைக் கலைத்துவிடும். ஆகவே முதலில் முத்திரை, பிறகு கேஜ், அப்புறம்தான் தீர்ப்பு. கேஜ் வைக்கும் இடம் பின்முனையிலிருந்து 9 அங்குலம். ப்ரூஃப் மனையும் அங்கேதான் அளக்கும்.

சதுப்புநாரை:
லிங்கன்ஷயரில் ஒரு நாலு போர், 42 அங்குலம். வெளித்தோற்றம் கண்ணைப் பறிக்கும். முன்கட்டையைக் கழற்றி, குழலைப் பிரித்து, கொக்கியில் ஒரு விரல் விட்டுத் தொங்கவிட்டு, விரல் முட்டியால் தட்டினேன். நல்ல குழல் கோயில் மணி மாதிரி இழுத்து ஒலிக்கும். இது "ட்ர்ர்" என்று நடுங்கி உடனே அடங்கிவிட்டது. ரிப் எங்கோ விட்டிருக்கிறது என்று அர்த்தம். விட்ட சந்தில் கடல் ஈரம் ஏறி, வெளியே தெரியாமல் குழலைத் தின்னும். விற்பவர் ஹீட்டர் பக்கத்தில் வைத்திருந்த குழல் அது. கீழ் ரிப்பின் ஓரத்தில் பழுப்புத் தண்ணீர் ஒரு சொட்டு திரண்டு நின்றது. அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை.

இன்னொன்று: பூட்டுத் தளர்வைப் பார்க்கும்போது முன்கட்டையைக் கழற்றிவிட்டுக் குலுக்குங்கள். அதன் ஸ்பிரிங் அழுத்தத்தில் ஆட்டம் மறைந்திருக்கும்.

தொலைநோக்கி:
எல்லாரும் நீளத்துக்கே விலை பேசுகிறீர்கள். நீளம் தூரம் தராது. கருமருந்தே ஆனாலும் 30 அங்குலத்துக்கு மேல் ஒவ்வோர் அங்குலத்துக்கும் நொடிக்கு ஐந்து முதல் பத்து அடி வேகம் கூடினால் பெரிது. எட்டு போர் தூரத்தில் வாத்தை விழுத்தியது 2 முதல் 2½ அவுன்ஸ் ரவையால். நாலு போரில் அது 3 அவுன்ஸைத் தாண்டும். நீளக் குழலின் பயன் எடையிலும் பார்வைக் கோட்டிலும்தான்: 6, 7 டிராம் (மருந்தின் எடை அளவு) மருந்தின் உதையை எடை விழுங்கும், தோளில் ஏற்றிச் சுழற்றினால் நடுவில் நிற்காமல் ஓடும்.

கொல்லுலை:
தூரத்தைப் பற்றி இங்கே யார் பேசியது? சேகரிப்பவர் நீளத்தைத் தேடுவது அது அரிது என்பதால். அமெரிக்காவில் 1918-க்குப் பிறகு வலசைப் பறவை வேட்டையில் பத்து போரைவிடப் பெரிய குழல் கூடாது என்றானதும் பெரிய போர்களுக்கு வேலை போனது. வேலை போன துப்பாக்கியை அறுப்பதும் உருக்குவதும் எளிது, அறுக்காமல் தப்பியது குறைவு.

மெழுகுத்துணி:
வாங்கிய பிறகு கெடுப்பவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லை. டமாஸ்கஸ் குழலில் (இரும்பும் எஃகும் முறுக்கிச் செய்தது) பளபளவென்று கறுப்பு நிறம் ஏற்றிக் கொண்டுவந்த ஒன்றைப் பார்த்தேன். முறுக்கு வரிகள் முழுக்க மறைந்து, ரிப் ஓரமெல்லாம் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. சூடான காரத்தொட்டியில் முக்கியிருக்கிறார்கள். அந்தத் தொட்டி சுமார் 140 டிகிரி செல்சியஸ். ஈயப்பற்று அதில் உருகாது, ஆனால் காரம் அதை அரித்துவிடும். ரிப்புக்குள் புகுந்த உப்பு வெளியே வரவே வராது, மாதக்கணக்கில் உள்ளிருந்து துருப்பிடிக்கும். இரட்டைக்குழலுக்கு அந்த வேலையே ஆகாது.

சரியான முறை மெதுவானது. அசிட்டோனால் துடைத்து, சுண்ணாம்புப் பொடி தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குங்கள். விரல்ரேகை பட்ட இடத்தில் நிறம் பிடிக்காது. குழல் வாயிலும் சேம்பரிலும் (தோட்டா உட்காரும் இடம்) நீண்ட மரத்தக்கை, அதுவே கைப்பிடி. தக்கையில் ஊசித்துளை விடுங்கள், இல்லையென்றால் கொதிக்கும்போது உள்காற்று விரிந்து பிடுங்கி எறியும். பிரவுனிங் கரைசலைப் பஞ்சில் பிழிந்து, ஈரம் தெரியாத அளவுக்கு ஒரே இழுப்பாகத் தடவவேண்டும். சொட்டினால் அந்த இடத்தில் செம்பு படியும். ஈரப்பதமான பெட்டியில் ஓர் இரவு. பிறகு சுத்தமான தண்ணீரில் கொதிக்கவிட்டு, மெல்லிய கம்பித் தூரிகையால் துருவை வழித்தெடுத்து, மறுபடி முதலிலிருந்து. ஆறு முதல் பத்துச் சுற்று. கடைசியில் சமையல் சோடாக் கரைசலில் கழுவி, காயவைத்து, எண்ணெய்.

நெடுங்குழலுக்கு வரும் தொல்லை தொட்டிதான். 40 அங்குலக் குழலும் தக்கையும் சேர்ந்து நாலடிக்கு மேல் போகும். கடையில் விற்கும் தொட்டி பாதிக் குழலைத்தான் மூழ்கடிக்கும், பாதி பாதியாகக் கொதிக்கவிட்டால் நடுவில் கோடு விழும். இரும்புத் தகட்டில் தனியாகச் செய்துகொள்ளுங்கள்.

வைப்பதென்றால் வாய் கீழே இருக்கட்டும். நிமிர்த்தி வைத்தால் எண்ணெய் வடிந்து கட்டையின் தலையில் ஊறும், ஊறிய மரம் உதை தாங்காமல் பூட்டுக்குப் பின்னால் பிளக்கும். வெறும் ஹேமரைத் தட்டாதீர்கள். எட்டு போர் போலித் தோட்டா கடையில் கிடைக்காவிட்டால் கடைசல்காரரிடம் பித்தளையில் கடைந்து வாங்குங்கள்.

டொரன்டோக்காரன்:
கனடாவில் வினோதம் ஒன்று. 1898-க்கு முன் செய்த எட்டு போர், தோட்டா அளவு வழக்கொழிந்தது என்பதால் சட்டப்படி பழம்பொருள். அதே கடையில், அதே வயதில், அருகில் நின்ற பத்து போர் அப்படியில்லை. விலைச்சீட்டில் இரண்டுக்கும் "ஆன்டிக்" என்றே எழுதியிருந்தது. எழுதியவருக்குச் சட்டம் தெரியாது, வாங்குபவருக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

வைகைக்கரை:
இதையெல்லாம் படித்துவிட்டு ஒரு கேள்வி. ஊரில் தாத்தா லைசன்ஸில் இருந்த பத்து போர், 32 அங்குலம். நூறு வயதுக்கு மேல் ஆனது என்பதால் லைசன்ஸ் வேண்டாம் என்கிறார்கள். உண்மையா?

கொல்லுலை:
இல்லை அண்ணே. 1959 ஆயுதச் சட்டத்தின் 45-ம் பிரிவு விலக்கு தருவது, பழுதுபார்த்தாலும் சுடமுடியாத பழைய ஆயுதத்துக்கு. வயது மட்டும் போதாது. பூட்டு இயங்கினால் அது துப்பாக்கிதான். லைசன்ஸ்தாரர் இறந்துவிட்டால் 21-ம் பிரிவுப்படி காவல் நிலையத்திலோ லைசன்ஸ் பெற்ற கடையிலோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு லைசன்ஸுக்கு எழுதிக் கொடுங்கள். வெளிநாட்டில் விற்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். நூறு ஆண்டு தாண்டிய கலைப்பொருளுக்கு 1972 தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம் குறுக்கே நிற்கும்.

உப்பங்கழி:
பத்து போர் என்றதும் நினைவு வந்தது. இங்கிலாந்தில் 1939 செப்டம்பருக்கு முன் செய்த எட்டு, நாலு போர் பழம்பொருள் விலக்குப் பட்டியலில் உண்டு. அலங்காரமாக வைத்திருந்தால் மட்டும். சுட நினைத்தால் சான்றிதழ் வேண்டும். பத்து போரில் 2⅝, 2⅞ அங்குலச் சேம்பருக்குத்தான் அந்த விலக்கு. யாரோ 3½ அங்குலத்துக்கு நீட்டிக் கடைந்திருந்தால் விலக்கும் போச்சு, சுவரின் கனமும் போச்சு. ஆபத்து மறுபக்கமும் உண்டு. சுடாத தோட்டாவின் வாய் மடிந்திருப்பதால் 2⅞ தோட்டா 2⅝ சேம்பரில் சிக்கலில்லாமல் நுழையும். சுடும்போது மடிப்பு விரியும் இடத்தில் குழல் குறுகுவதால் அழுத்தம் எகிறிவிடும். "உள்ளே போகிறதே" என்பது சோதனை ஆகாது. சேம்பர் கேஜ் சட்டைப்பையில் அடங்கும், ஏலத்துக்கு அதை எடுத்துக்கொண்டே போங்கள். சுவர்கன கேஜும் கூட. ஒரு பக்கம் 0.045 அங்குலம் காட்டும் குழல் எதிர்ப்பக்கம் 0.022 காட்டும், ஆகவே சுற்றிச் சுற்றி அளக்கவேண்டும். பெரிய போரில் 0.030-க்குக் கீழே எங்கேயாவது போனால் சுவரில் மாட்டத்தான் வாங்குவேன்.

தொலைநோக்கி:
நீளத்தை அளக்க டேப் போதுமா, அதற்கும் கேஜ் வேண்டுமா?

உப்பங்கழி:
டேப் போதும். பூட்டின் முகத்திலிருந்து வாய் வரை. ரிப்பின் மேலே வைத்து அளக்காதீர்கள், பின்னால் அது நீண்டிருக்கும்.