தோள் அடிக்கடி நழுவுகிறது, லட்டார்ஜே அறுவை சிகிச்சை தேவையா?

கபடி ரைடர்: பிடிபட்டாலே வலது தோள் நழுவிவிடுகிறது. சிடி ஸ்கேனில் தோள் கிண்ணத்தின் (கை எலும்பின் பந்து உட்காரும் குழியின்) முன்விளிம்பு எலும்பு 22% போயிருக்கிறதாம், லட்டார்ஜே செய்யச் சொல்கிறார்கள். சின்னத் துளை போட்டு, கிழிந்த விளிம்புத் திசுவைக் கிண்ணத்தோடு தைக்கும் பாங்கார்ட் தையல் போதாதா?

பிசியோ: போதாதுங்க. 20% தாண்டினால், அதுவும் கபடி மாதிரி மோதல் ஆட்டத்தில், தையல் மட்டும் போட்டால் திரும்ப நழுவ வாய்ப்பு அதிகம். லட்டார்ஜேயில் தோள்பட்டை எலும்பின் முன்பக்கம் கொக்கி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் கோரக்காய்டு எலும்புத் துண்டை அதன் தசைநாரோடு எடுத்து கிண்ணத்தின் முன்பக்கம் திருகு வைத்துப் பொருத்துவார்கள், எலும்பு குறையை அடைக்கும், கையைத் தூக்கும்போது தசைநார் கச்சை மாதிரி முன்னால் தாங்கும்.

பழைய டிஃபெண்டர்: நான் செய்துகொண்டு மறுபடி ஆடினேன். எலும்பு ஒட்டிவிட்டதா என்று ஸ்கேனில் பார்க்காமல் களத்தில் இறங்காதீர்கள். பக்கத்திலேயே நரம்புகள் ஓடுகின்றன, இதை அடிக்கடி செய்யும் டாக்டராகப் பாருங்கள்.

கபடி ரைடர்: சரி, பந்துப் பக்கம் ஹில்-சாக்ஸ் பள்ளம் (நழுவும்போது கிண்ண விளிம்பில் இடித்து விழும் பள்ளம்) என்றும் ஸ்கேனில் எழுதியிருக்கிறதே?

பிசியோ: அது கிண்ண விளிம்பில் மாட்டுகிறதா என்று கேளுங்கள். லட்டார்ஜேயில் எலும்பு வைத்துக் கிண்ணம் அகலமானதும் பலருக்கு மாட்டாது.