பெரிய வீடு குழு: தோலோடு அரைக்கும் எலுமிச்சை ஜூஸ்

வியாழக்கிழமை

மீனா ஆச்சி, மாலை 6:12
தெய்வானை, போன வாரம் வீடியோவில் காட்டினாயே, எலுமிச்சையைத் தோலோடு மிக்ஸியில் அடித்து மில்க்மெய்ட் ஊற்றுகிற பிரேசில் ஜூஸ், அதை இன்று செய்து பார்த்தேன். வேப்பங்கொழுந்து மாதிரிக் கசக்கிறது. பிள்ளைகள் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை அப்படியே வைத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை படைப்புக்கு முப்பது பேர் வருகிறார்கள். சாயங்காலம் இதைத் தருகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. எங்கே பிசகியது என்று பார்த்துச் சொல்.

சோமு அண்ணன், 6:15
எலுமிச்சையும் பாலும் சேர்ந்தால் திரிந்துவிடாதா? நன்னாரி சர்பத் போட்டுவிடலாமே.

விசாலம் அயித்தை, 6:18
திரியத்தான் செய்யும். பன்னீருக்கு அப்படித்தானே பாலைத் திரிக்கிறோம். ஏத்தா மீனா, படைப்பு அன்றைக்குப் பானகமும் நீர்மோரும்தான் வழக்கம். அதை மாற்ற வேண்டாம்.

மீனா ஆச்சி, 6:20
அதில் கைவைக்கவே மாட்டேன் அயித்தை. காலையில் பானகம்தான். இது படைப்பெல்லாம் முடிந்து, சாயங்காலம் முகப்பில் உட்கார்ந்து பேசும்போது பிள்ளைகளுக்குக் கொடுக்க.

விசாலம் அயித்தை, 6:21
அப்படியானால் சரி.

தெய்வானை, 6:44
இங்கே பிரேசிலில் காலை பத்தேகால். இப்போதுதான் பார்த்தேன் ஆச்சி. ஒன்றும் விடாமல் சொல்லுங்கள். எத்தனை பழம், எந்த ஜார், எவ்வளவு நேரம் ஓட்டினீர்கள், அரைத்ததும் குடித்தீர்களா?

மீனா ஆச்சி, 6:49
ஆறு பழம். நாலு நாலாக வெட்டி, தோலும் விதையுமாகச் சட்னி ஜாரில் இரண்டு நிமிடம் ஓட்டினேன். வடிகட்டி மில்க்மெய்ட் ஊற்றினேன். அப்போது ருசி பார்த்தபோது லேசான கசப்புதான். பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள் என்று ஃப்ரிட்ஜில் வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து எடுத்தால் வாயில் வைக்க முடியவில்லை.

தெய்வானை, 6:58
புரிந்துவிட்டது. முதல் தவறு என்னுடையது. நான் காட்டிய பழம் வேறு, நம் ஊர்ப் பழம் வேறு, அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

இங்கே சாவ் பாவ்லோவில் கடைக்குக் கடை கிடைப்பது தஹிதி எலுமிச்சை. நம் பழத்தைப் போல இரண்டு மடங்கு இருக்கும், நல்ல பச்சை, பெரும்பாலும் விதையே இருக்காது. அதனால்தான் இவர்களால் முழுப் பழத்தையும் வெட்டிப் போட முடிகிறது. நம் பழம் சின்னது, உள்ளே நிறைய விதை. விதை அரைபட்டால் கசப்பு. தோலுக்கு உட்பக்கம் வெள்ளையாக ஒரு சதை இருக்கிறதே, அது அரைபட்டாலும் கசப்பு. ஆறு சின்னப் பழத்துத் தோல் என்றால் அந்த வெள்ளையும் அதிகம். அதைச் சட்னி ஜாரில் இரண்டு நிமிடம் மைய அரைத்திருக்கிறீர்கள்.

சோமு அண்ணன், 7:01
அப்படியானால் தோலே வேண்டாம், சாறு மட்டும் பிழிந்துவிட்டால் என்ன?

தெய்வானை, 7:04
அது நாம் தினமும் குடிக்கிற ஜூஸ்தானே அண்ணே. இதன் உயிரே தோலில் இருக்கிற வாசனை. பழத்தின் மேல்தோலில் புள்ளி புள்ளியாக எண்ணெய்ப் பை இருக்கும். பழத்தைக் கீறினால் விரலில் மணக்கிறதே, அந்த எண்ணெய்தான். அது ஜூஸில் இறங்க வேண்டும், வெள்ளைச் சதை இறங்கக் கூடாது. அதனால்தான் இங்கே யாரும் அரைக்க மாட்டார்கள். விட்டு விட்டு நாலைந்து சுற்று, உடனே வடிகட்டி.

கதிர், 7:10
ஆச்சி, ஃப்ரிட்ஜில் வைத்த பிறகு கசப்பு ஏறியதற்கும் காரணம் இருக்கிறது. போன செமஸ்டரில்தான் படித்தேன். அந்தக் கசப்புக்கு லிமோனின் என்று பெயர். முழுப் பழத்துக்குள் அது கசக்காத வேறு வடிவில் இருக்கும். வெட்டி அரைத்ததும் சாற்றின் புளிப்பு அதன்மேல் பட்டு மெல்ல மெல்ல லிமோனினாக மாறும். அதனால்தான் பிழிந்த உடனே நன்றாக இருக்கிற ஜூஸ் நேரம் ஆக ஆகக் கசக்கும். விதையிலும் லிமோனின் நிறைய உண்டு.

விசாலம் அயித்தை, 7:16
பெயர் தெரியாதே தவிர, விஷயம் எங்களுக்குத் தெரியும் தம்பி. எலுமிச்சைச் சாதத்துக்கு அடுப்பை அணைத்த பிறகுதான் சாறு ஊற்றுவோம், கொதிக்கவிட்டால் கசந்துவிடும். பிழியும்போது ஒரு விதை விழுந்தாலும் எடுத்துவிடச் சொல்லி எங்கள் ஆத்தா கூடவே நிற்பார்கள். ஊறுகாய்க்குத் தோலோடு போடுகிறோமே, அதுவும் உப்பில் நாள் கணக்காக ஊறினால்தான் கசப்பு அடங்கும். இந்த ஜூஸுக்கு ஊறல் ஏது? அரைத்த கையோடு கொடுத்துவிட வேண்டியதுதான்.

தெய்வானை, 7:18
அயித்தை சொன்னதுதான் இதில் முக்கியமான விதி. இங்கே கடையில் கேட்டாலும் நம் கண்முன்னே அடித்துத்தான் தருவார்கள். ஜக்கில் போட்டு வைத்திருக்க மாட்டார்கள்.

சோமு அண்ணன், 7:22
சரி, திரிகிற கதைக்கு வாருங்கள். மில்க்மெய்டும் பால்தானே?

கதிர், 7:29
பால்தான் அண்ணே, ஆனால் தண்ணீரை வற்றவைத்து, கிட்டத்தட்ட பாதிக்குச் சர்க்கரை சேர்த்த பால். சாதாரணப் பாலில் புளிப்பு விழுந்தால் பாலும் தண்ணீருமாகப் பிரிந்து கட்டி கட்டியாகிறது. இது பாகு மாதிரி இருப்பதால் சட்டென்று அப்படிப் பிரியாது, கெட்டியாகும். அந்தக் கெட்டிதான் இந்த ஜூஸில் நுரையும் வழவழப்புமாக நமக்குத் தெரிகிறது. ஆனால் நேராகச் சாற்றில் ஊற்றக் கூடாது. சாற்றில் குளிர்ந்த தண்ணீர் சேர்த்த பிறகு ஊற்றி, உடனே ஒரு அடி அடிக்க வேண்டும்.

மீனா ஆச்சி, 7:33
அப்பத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். டின் எப்படி இருக்கும் என்று கேட்டார்கள். எடுத்துக் காட்டியதும், ‘இது நம் பால்காரிப் பொம்மை டின்னுதானே’ என்றார்கள். ஐயா பினாங்கிலிருந்து வரும்போதெல்லாம் பெட்டியில் நாலு டின் இருக்குமாம். தலையில் பால்குடம், கையில் ஒரு வாளி, அப்படி ஒரு பெண் படம். டின் காலியானதும் கழுவி, கடுகு போட்டு வைப்பார்களாம்.

தெய்வானை, 7:41
அப்பத்தாவிடம் சொல்லுங்கள், அதே பெண்தான் இங்கேயும் இருக்கிறாள்! இங்கே இந்தப் பாலுக்கு ‘லெய்ச்சி மோஸா’ என்று பெயர். மோஸா என்றால் இளம்பெண். முதலில் வெளிநாட்டிலிருந்து மில்க்மெய்ட் என்ற ஆங்கிலப் பெயரோடுதான் டின் வந்ததாம். அந்தப் பெயர் இவர்கள் வாயில் நுழையவில்லை. படத்தைப் பார்த்து ‘அந்தப் பெண்ணோட பால்’ என்று கேட்டே வாங்கியிருக்கிறார்கள். கடைசியில் கம்பெனியும் அதையே பெயராக வைத்துவிட்டது. நெஸ்லே இந்த மாநிலத்தில் அராராஸ் என்ற ஊரில் 1921இல் ஆலை திறந்து இந்தப் பாலைத்தான் தயாரித்தது. இன்றைக்கு இந்த ஊரில் எந்தப் பிறந்தநாளும் இந்த டின் இல்லாமல் நடக்காது. பிரிகதேரு என்று ஒரு சாக்லேட் உருண்டை, அதுவும் இதைக் கிளறித்தான் செய்கிறார்கள்.

ஜூஸுக்கு இங்கே ‘லிமொனாடா ஸுயிஸா’ என்று பெயர். சுவிஸ் எலுமிச்சை ஜூஸ் என்று அர்த்தம். நெஸ்லே சுவிட்சர்லாந்துக் கம்பெனி என்பதால் அந்தப் பெயர் வந்தது என்று இங்கே சொல்வார்கள். கண்டென்ஸ்டு மில்க் இல்லாமல், சர்க்கரை மட்டும் போட்டுத் தோலோடு அடித்தாலும் சில வீடுகளில் அதே பெயர்தான். எனக்கு டின் ஊற்றியதுதான் பிடிக்கும்.

மீனா ஆச்சி, 7:46
அப்பத்தா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். ‘என் பேத்தி அம்புட்டுத் தொலைவில் இருந்தாலும் அந்தப் பொம்மை துணைக்கு இருக்கு’ என்றார்கள்.

தெய்வானை, 7:47
ஆச்சி, இதைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது.

சோமு அண்ணன், 7:55
நாளை மறுநாள் சந்தைக்குப் போகிறேன். எந்தப் பழம் வாங்க?

விசாலம் அயித்தை, 7:59
புளியங்குடிப் பழம் வந்திருக்கிறதா என்று கேள். தோல் மெல்லிசாக, வழவழவென்று இருக்க வேண்டும். கையில் எடுத்தால் கனக்க வேண்டும். சொரசொரப்பாக, தோல் தடித்ததை விட்டுவிடு. நல்ல பழுப்பும் வேண்டாம், மஞ்சளும் பச்சையும் கலந்ததாகப் பார்.

சனிக்கிழமை

மீனா ஆச்சி, காலை 11:20
வந்துவிட்டது! இன்று ஒரு ஈடு செய்து பார்த்தேன். துளிக் கசப்பு இல்லை. கண்ணை மூடிக் குடித்தால் எலுமிச்சை இலையைக் கசக்கிய வாசனை. அளவைச் சொல்கிறேன், யாராவது எழுதி வையுங்கள்.

ஒரு ஈட்டுக்கு ஐந்து பழம். அதில் இரண்டுதான் தோலோடு. மற்ற மூன்றையும் பிழிந்து சாறு மட்டும் எடுத்தேன். தோலோடு போடுகிற இரண்டையும் வெந்நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். இரண்டு முனையையும் சீவிவிட்டு, எட்டாக வெட்டி, நடுவில் ஓடுகிற வெள்ளை நரம்பையும் விதையையும் கத்தி முனையால் எடுத்துவிட்டேன். இதற்குத்தான் நேரம் ஆகிறது, ஆனால் இதை விட்டால் எல்லாம் வீண்.

பெரிய ஜூஸ் ஜாரில் அந்தத் துண்டுகள், மூன்று பழச் சாறு, இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, மூன்று டம்ளர் ஐஸ் தண்ணீர். மிக்ஸியை இடது பக்கம் திருப்பி விட்டு விட்டு ஐந்து தடவை, அவ்வளவுதான். தோல் துண்டு துண்டாகத்தான் இருக்கும், மசியக் கூடாது. உடனே வடிகட்டினேன். கரண்டியால் அழுத்திப் பிழியவில்லை, தானாக இறங்கியது போதும். ஜாரைக் கழுவி, வடித்ததைத் திரும்ப ஊற்றி, மில்க்மெய்ட் ஆறு மேசைக்கரண்டி, ஐஸ் கட்டி எட்டு, அரை நிமிடம். மேலே இரண்டு விரல் நுரை நின்றது.

கதிர், 11:24
மூன்று பழத்தை வெறும் சாறாக எடுத்தது நல்ல யோசனை ஆச்சி. புளிப்பு குறையாது, வெள்ளைச் சதை பாதிக்கும் கீழே போய்விட்டது.

மீனா ஆச்சி, 11:26
யோசனை அயித்தையுடையது.

தெய்வானை, 11:31
இங்கே இராத்திரி மூன்று மணி, தண்ணீர் குடிக்க எழுந்தேன். இதைப் பார்த்த பிறகு தூக்கம் வராது. இனி நம் ஊர்ப் பழத்துக்கு இதுதான் அளவு.

விசாலம் அயித்தை, 11:40
பித்தளைச் செம்பில் ஊற்றி வைத்துவிடாதே. புளிப்பு பட்டால் களிம்பு இறங்கும். கண்ணாடி, எவர்சில்வர், இல்லாவிட்டால் பரணில் இருக்கிற மங்குக் குவளைகளை இறக்கு. உதிராததாகப் பார்த்து எடு.

சோமு அண்ணன், 11:52
முப்பது பேருக்கு ஆறு ஈடு போதும் என்று கணக்குப் போட்டேன். முப்பது பழம், இரண்டு டின். பழத்தில் கெட்டது போகும், நாற்பதாக வாங்கிவிட்டேன். ஐஸ் கட்டி நம் ஃப்ரிட்ஜில் காணாது, நாளை மதியம் ஒரு பெட்டி கொண்டுவருகிறேன்.

மீனா ஆச்சி, 11:58
அப்படியே செய்யுங்கள் அண்ணே. விதை எடுத்த துண்டுகளை மட்டும் மதியமே வெட்டி மூடி வைக்கிறேன். அடிப்பது ஆள் உட்கார்ந்த பிறகுதான்.

கதிர், 12:03
வெட்டி வைப்பதையும் கடைசி அரை மணியில் வைத்துக்கொள்ளுங்கள் ஆச்சி. வெட்டிய இடத்திலேயே அந்த மாற்றம் தொடங்கிவிடும்.

மீனா ஆச்சி, 12:04
சரி, அப்படியானால் நீ வந்து கூட உட்கார்ந்து வெட்டு.

கதிர், 12:05
வருகிறேன் ஆச்சி.

ஞாயிற்றுக்கிழமை

சோமு அண்ணன், இரவு 7:15
தெய்வானை, நீ இங்கே இல்லையே என்று எல்லோரும் சொன்னோம். படைப்பு நல்லபடியாக முடிந்தது. சாயங்காலம் முகப்புத் திண்ணை நிறைய ஆட்கள். மிக்ஸியை வளவில் வைத்து மீனா அடிக்க அடிக்க, கதிர் மங்குக் குவளையில் ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தான். கோட்டையூர்ச் சித்தப்பா இரண்டாவது குவளை கேட்டு வாங்கினார்.

தெய்வானை, 7:19
அப்பத்தா குடித்தார்களா?

மீனா ஆச்சி, 7:26
அவர்களுக்குச் சர்க்கரை இருக்கிறதே என்று தனியாக உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ் கொடுத்தேன். அதைத் தள்ளி வைத்துவிட்டு, ‘பொம்மை டின் ஜூஸ் எங்கே’ என்றார்கள். கால் குவளை ஊற்றிக் கொடுத்தேன். ஒவ்வொரு மிடறாக, ரொம்ப நேரம் வைத்துக் குடித்தார்கள். ஐயா பினாங்கில் குடித்த தேநீர் வாசம் இதில் இல்லை, ஆனால் அந்தப் பால் அதே பால்தான் என்றார்கள். காலி டின் இரண்டையும் கழுவி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்று உனக்காம், வரும்போது கடுகு போட்டுத் தருவார்களாம்.

தெய்வானை, 7:28
டிசம்பரில் வருகிறேன் ஆச்சி. டிக்கெட் இன்றைக்கே பார்க்கிறேன்.

விசாலம் அயித்தை, 7:40
மீனா, வடிகட்டியில் தங்கிய தோலை எறிந்துவிடாதே. பால் படாத தோல்தானே, சட்டியில் போட்டு மூடி வை. படைப்பு விளக்கெல்லாம் எண்ணெய்ப் பிசுக்காக இருக்கிறது, காலையில் கொஞ்சம் உப்புச் சேர்த்துத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும்.

மீனா ஆச்சி, 7:42
எடுத்து வைத்துவிட்டேன் அயித்தை.