கரப்பான் உள்ள குழந்தையைக் கிருமிநாசினி விட்டுக் குளிப்பாட்டலாமா?

நிலாம்மா:
பொண்ணுக்கு இரண்டரை வயசு. ஆறு மாசமா முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாடியும் கரப்பான் (எக்ஸிமா). ராத்திரி முழுக்கச் சொறியறா, காலையில தலையணை உறையில ரத்தப் பொட்டு. கிருமிதான் காரணம்னு தினமும் ரெண்டு வேளை குளிக்கிற தண்ணியில ஒரு மூடி கிருமிநாசினி விட்டேன். தோல் இன்னும் வறண்டு வெடிச்சிடுச்சு. நேத்து தோல் டாக்டர், "அதை நிறுத்துங்க, நல்ல பாக்டீரியாவும் செத்துப்போகும்"னு சொல்லி, சோப்பு இல்லாத குளியலும் களிம்பும் எழுதிக் கொடுத்தார். தோல்ல நல்ல பாக்டீரியாவா? தெரிஞ்சவங்க சொல்லுங்களேன்.

அகார்தட்டு:
தங்கச்சி, நான் 14 வருஷமா மைக்ரோபயாலஜி லேப்ல இருக்கேன். நல்லாக் கழுவின விரலை ரத்த அகார் தட்டுல (லேப்ல பாக்டீரியா வளர்க்கிற தட்டு) ஒத்தி எடுத்து, 37 டிகிரியில வெச்சுப் பாருங்க. மறுநாள் விரல் பட்ட இடத்துல குண்டூசித்தலை மாதிரி வெள்ளைப் புள்ளிகள் நிக்கும். பெரும்பாலும் ஸ்டாஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ். எல்லார் தோல்லயும் குடியிருக்கிறது. இடத்தையும் தீனியையும் இது பிடிச்சுக்கறதால வேண்டாத கிருமி காலூன்றச் சிரமப்படும். இதுல சில ரகங்கள், தோலைப் புண்ணாக்கக்கூடிய ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ்ங்கிற கிருமி வளராம தடுக்கிற பொருளையே சுரக்கும். எண்ணெய்ச் சுரப்பியில இருக்கிற க்யூட்டிபாக்டீரியம்ங்கிற இன்னொரு பாக்டீரியா அந்த எண்ணெயை உடைச்சுக் கொழுப்பு அமிலமாக்கும். தோலோட பிஹெச் (அமில-கார அளவு; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 5 பக்கத்துல நிக்கறதுக்கு அதுவும் ஒரு காரணம். சாதாரண சோப்பு 9, 10 இருக்கும். (பருவுலயும் அதே க்யூட்டிபாக்டீரியத்துக்குப் பங்கு உண்டு.)

கரப்பான் தோல்ல இந்தக் கணக்கு தலைகீழாகுது. ஆரியஸ் பெருகி, அது விடற நச்சு அழற்சியையும் அரிப்பையும் கூட்டும். குழந்தை சொறியச் சொறியத் தோல் கிழிஞ்சு அதுக்கு இன்னும் வழி கிடைக்கும். டாக்டர் சொன்னதைக் கேளுங்க. குளிப்பாட்டினதும் ஒத்தித் துடைச்சு, ஈரம் காயறதுக்குள்ள மாய்ஸ்சரைசர் தடவுங்க.

டயாலிசிஸ் நர்ஸ்:
அண்ணா சொன்னது சரி. ஆனா அந்த எபிடெர்மிடிஸே கத்தீட்டர் (ரத்தக்குழாயில சொருகற குழாய்) வழியா ரத்தத்துக்குள்ள போயிட்டா எங்களுக்குப் பெரிய பாடு. குழாய்க்குள்ள, தண்ணித் தொட்டியில பாசி படியற மாதிரி வழவழன்னு படலம் கட்டிடும். மருந்து ஏத்தினாலும் லேசுல அசையாது, பல நேரம் குழாயையே எடுக்கணும். அதனாலதான் ஒவ்வொரு தடவையும் குளோர்ஹெக்ஸிடின்ங்கிற கிருமிநாசினியைத் தோல்ல தேய்ச்சு, அது காயற வரைக்கும் கையைக் கட்டிட்டு நிப்போம். கிருமிநாசினிக்கு வேலை அங்கே இருக்கு. குழந்தை குளிக்கிற வாளியில இல்லை.

அகார்தட்டு:
இன்னொண்ணு. கரப்பான்ல நீர் கசிஞ்சு தேன் நிறத்துல பொருக்கு கட்டினா ஆரியஸ் புண்ணாக்கிடுச்சுன்னு அர்த்தம். வீட்டு வைத்தியம் வேண்டாம், உடனே காட்டுங்க.

நிலாம்மா:
அண்ணா, இப்பதான் லைட்டைப் போட்டுப் பார்த்தேன். இடது முழங்கையில அதே நிறத்துல கட்டியிருக்கு. காலையில முதல் ஆளா கூட்டிட்டுப் போறேன்.